பட்டமும் இலச்சினையும்

பெயர் என்பது ஒரு பொருளை அறிதற்கு வைத்த அடையாளம். குறி என்பது அப்பெயரை வாயாற் சொல்லாத இடத்தும் பொருளை உணர்த்தி நிற்பது. இவ்விரண்டும் ஒருவர்மாட்டு அமைந்த தகுதியைப் பிறர்க்கு அறிவித்தற்பொருட்டே உலகத்தில் தோன்றின. தகுதி உள்ளவழிப் பெயர் அதனைத் தொடர்ந்து வருதல் முறை. தகுதி நீங்கிய பின்னும் பெயரைப் பற்றிக்கொண்டிருத்தலும், தகுதி இல்லாதவிடத்தே அதனைச் சூட்டிக்கொள்ளுதலும் முறையல்ல. இஃது எல்லாரும் அறிந்ததே. ஆயினும், நாட்டை நடத்தும் தலைமக்கள்மாட்டு இம்முறை எளிதில் நிலைபெற்றதில்லை. அதனைச் சட்டத்தாலும் வழக்கத்தாலும் நிலைநிறுத்த நம் நாடு முயன்ற வரலாறு நெடியது. அவ்வரலாற்றை அன்பர்கள் அறியுமாறு ஈண்டு சுருங்கக் கூறுதும்.

பொதுவாழ்வில் வழங்கும் சிறப்புப்பெயர்கள் மூவகைப்படும். ஒன்று, ஒருவர் வகிக்கும் பதவிபற்றி வருவது. அமைச்சர், ஆளுநர், நீதிபதி என்பன இவ்வகைய. இரண்டு, கல்விபற்றி வருவது. வித்துவான், நாவலர், புலவர் என்பன இவ்வகைய. மூன்று, அரசனோ அரசோ ஒருவரது தொண்டினை மெச்சிக் கொடுப்பது. பண்டை ஏனாதி, காவிதி முதலாக ஆங்கிலர் காலத்து 'ராவ் பகதூர்' ஈறாக உள்ளன இவ்வகைய. முதல்வகை பதவியோடு வந்து பதவியோடு நீங்கும். இரண்டாம்வகை கற்றவரோடு நின்று அவரோடு முடியும். மூன்றாம்வகையே இடர்ப்பாடு மிக்கது. கொடுப்பவன் கருத்து ஒன்றாகவும் பெறுபவன் கருத்து மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். இனி, முத்திரை, கொடி, ஊர்தியின் அடையாளம் என்னும் குறிகளோவெனின், அவை பதவியைச் சார்ந்தன. அவை தனி ஒருவரது உடைமையாகா. குடிகள் அவரிடத்து வைத்த அடைக்கலப்பொருளாம். இவ்வொரு கருத்தே பின்வரும் வரலாறு முழுவதிலும் ஊடுருவிச் செல்வதைக் காணலாம்.

தமிழ்நாட்டில் அரசன் பட்டம் வழங்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. அரசனாற் பெறும் சிறப்பினை மாராயம் என்னும் பெயரால் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிக்கும். படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், அரசியற்கருமம் புரிந்தோர்க்குக் காவிதி என்றும், வணிகப் பெருமக்களுக்கு எட்டி என்றும் பட்டங்கள் வழங்கின. ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும், எட்டிப் பட்டத்தோடு பொற்பூவும் அளிக்கப்பட்டன என்பது உரைகளாற் புலனாம். பெயரும் குறியும் பண்டே இணைந்து நின்றமைக்கு இவை சான்று.

பிற்காலச் சோழர் காலத்தில் இம்முறை மேலும் செறிந்தது. இராசேந்திர சோழனுடைய திருவாலங்காட்டுச் செப்பேட்டு வளையத்தின் முத்திரையிற் சோழர்க்குரிய புலியும், பாண்டியர்க்குரிய இணைக்கயலும், சேரர்க்குரிய வில்லும் ஒருங்கே வெண்கொற்றக்குடையின்கீழ்ப் பொறிக்கப்பட்டுள்ளன. முத்திரையைக் கண்டவளவில் இஃது அரசன் ஆணை என்று நாட்டார் அறிந்தனர். அரசியலதிகாரிகளோ பெருந்தரம், சிறுதரம் என்னும் படிநிலையில் வைக்கப்பட்டு, மூவேந்தவேளான், பிரமராயன், விழுப்பரையன் முதலிய பட்டங்களைப் பெற்றனர். தஞ்சைப் பெரியகோயிற் றிருச்சுற்றுமாளிகையை எடுப்பித்த சேனாபதி கிருட்டிணன் இராமன் 'மும்முடிச்சோழப் பிரமராயன்' எனப்பெற்றமை கல்வெட்டால் அறியப்படும்.

இப்பட்டங்களில் ஆராய்தற்குரியது ஒன்றுண்டு. இவற்றுட் பல அரசன் பெயரையோ அவன் விருதுப்பெயரையோ முன்னொட்டாகக் கொண்டவை. இராசராசன் காலத்து அதிகாரி இராசராச மூவேந்தவேளான் எனப்படுவன். இராசேந்திரன் காலத்தவன் இராசேந்திரசோழ மூவேந்தவேளான் எனப்படுவன். ஆகலின், எவ்வரசனால், எக்காலத்து, எப்பணிக்கு அவன் அமர்த்தப்பட்டான் என்பதைப் பட்டமே பறைசாற்றிற்று. ஒருவன் பெற்ற அதிகாரம் பிறிதோரிடத்திலிருந்து வந்தது என்னும் உண்மையை அது மறையாமற் காட்டிற்று.

கல்விப்பட்டங்களோவெனின் வேறோர் வழியில் வந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுகனாருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தையும், திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கட்கு 'மகாவித்துவான்' என்னும் பட்டத்தையும் திருவாவடுதுறை ஆதீனம் அளித்தது. அவ்விருவரும் பட்டத்தால் அறியப்பட்டவரல்லர். பட்டங்களே அவர்களால் அறியப்பட்டன. இன்றும் 'நாவலர்' எனத் தனித்துச் சொல்லிய துணையானே சைவவுலகம் ஒருவரையே நினைக்கும். கற்றோரவையிற் கல்வியைக் கண்டு தந்த பெயர் ஆகலின், அதனால் எவர்க்கும் ஆணை செலுத்தும் அதிகாரம் வந்ததில்லை, எவரும் அஞ்சியதுமில்லை. இக்காரணம்பற்றியே பின்னெழுந்த சட்டமும் கல்விப்பட்டங்களை விலக்காது விட்டது.

இனி, ஆங்கிலவரசு இந்நாட்டில் நிலைத்தபின் நிகழ்ந்ததைக் காண்போம். 1876-ம் ஆண்டிற் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, விக்டோரியா அரசியார் தம் பட்டப்பெயர்களோடு புதியதொரு பெயரைச் சேர்த்துக்கொள்ள இசைந்தது. 1877 ஜனவரி 1-ல் டில்லியிற் கூடிய தர்பாரில் அவர் இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்கப்பட்டார். அரசிக்குப் பெயர் கூட்டுதற்கும் பாராளுமன்றத்தின் சட்டம் வேண்டப்பட்டது என்பதை உன்னுக. தம் நாட்டில் இத்துணை வரையறை வைத்த அவ்வரசினர், இந்நாட்டிலோ பட்டங்களை ஆட்சிக்குரிய கருவியாகக் கையாண்டனர். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், சர் எனப் பட்டங்கள் ஆண்டுதோறும் வழங்கப்பட்டன. விக்டோரியா அரசியாரின் பொன்விழா நிகழ்ந்த 1887-ல் வடமொழி வல்லுநர் முதலிய புலவர்க்கென 'மகாமகோபாத்தியாயர்' என்னும் பட்டம் ஏற்பட்டது. நம் உ. வே. சாமிநாதையரவர்கள் அதனை 1906-ல் பெற்றார்கள். அஃது ஏட்டுச்சுவடிகளைக் காத்த உழைப்பிற்குக் கிடைத்ததாகலின் ஒருவரும் குறைகூறிலர். ஆயினும், ஏனைய பட்டங்களுட் பல அரசினர்பால் உள்ள பற்றினை அளக்கும் கோலாகவே பயன்பட்டன.

அதனை உணர்ந்தோர் அவற்றைத் துறந்தனர். மதுரையிற் பிறந்து சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாய் விளங்கிய சர் சு. சுப்பிரமணிய ஐயர், இந்தியத் தன்னாட்சி குறித்து 1917-ல் அமெரிக்கத் தலைவர் வில்சனுக்கு ஒரு கடிதம் வரைந்தார். அதுபற்றிப் பிரிட்டிஷ் அமைச்சர் அவரைக் கடிந்துரைத்தபோது, 1918-ல் தம் பட்டங்களை அவர் துறந்துவிட்டார். 1919 மே மாதத்தில், பஞ்சாபிற் புரிந்த கொடுமையைக் கண்டிக்கும்வகையில் இரவீந்திரநாத தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். 1920-ல் காந்தியடிகள் தமக்களித்த கைசர்-இ-இந்து பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். அவ்வாண்டு ஒத்துழையாமை இயக்கத்தின் திட்டங்களுள் பட்டந்துறத்தலும் ஒன்றாயிற்று. பட்டம் பெறுதல் பெருமை என்றிருந்த உலகத்தில், அதனைத் துறத்தலும் பெருமையாதல் கூடும் என்பது இவர்களால் விளங்கிற்று.

இந்நாடு உரிமைபெற்ற 1947-ம் ஆண்டுச் சட்டத்திலேயே, இங்கிலாந்து மன்னரின் பெயரிலிருந்து இந்தியச் சக்கரவர்த்தி என்னும் சொற்களை நீக்குதற்குப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இசைவளித்தது. அதன்படி 1948 ஜூன் 22-ல் அப்பட்டம் நீங்கிற்று. அடுத்து, 1949 நவம்பர் 26-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 1950 ஜனவரி 26-ல் முழுதும் நடைமுறைக்கு வந்த அரசியற்சட்டத்தின் 18-ம் உறுப்பு பட்டங்களைப்பற்றித் தெளிவுற வகுத்தது. படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் அல்லாத எப்பட்டத்தையும் அரசு வழங்கலாகாது. இந்தியக் குடிமகன் எவனும் பிறநாட்டரசிடமிருந்து பட்டம் ஏற்றலாகாது. அரசின்கீழ் ஊதியப்பதவி வகிப்போர் குடியரசுத்தலைவரின் இசைவின்றிப் பிறநாட்டரசிடம் கொடையோ ஊதியமோ பதவியோ பெறலாகாது. இவ்வுறுப்புச் சமத்துவவுரிமையைக் கூறும் பகுதியில், தீண்டாமையை ஒழிக்கும் 17-ம் உறுப்பை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. ஒருவனைப் பிறப்பாற் கீழாக்குதலும், ஒருவனைப் பெயரால் மேலாக்குதலும் ஒரே நோயின் இருவேறு குறிகள் எனச் சட்டஞ்செய்தோர் கண்டனர்போலும்.

எனினும், ஒரு வகையினர் அக்காலத்து எஞ்சி நின்றனர். சமத்தான மன்னர்கள் தம் நாடுகளை இந்தியாவோடு இணைத்தபோது, அவர்க்கு மானியத்தொகையும் தனியுரிமைகளும் பட்டங்களும் உறுதியளிக்கப்பட்டன. தமிழ்நாட்டின் நடுவே இருந்த புதுக்கோட்டைச் சமத்தானம் 1948 மார்ச்சு மாதத்திற் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. பின்னர், 1970 செப்டம்பரிற் குடியரசுத்தலைவர் ஆணையொன்றால் மன்னர்கட்குரிய ஒப்புகை நீக்கப்பட்டது. அவ்வாணை செல்லாது என 1970 டிசம்பர் 15-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்மேல் 1971-ல் அரசியற்சட்டத்தின் 26-ம் திருத்தம் இயற்றப்பட்டு, ஒப்புகையும் மானியமும் ஒருங்கே ஒழிந்தன. அரசாங்கம் கொடுத்த வாக்கை மாற்றலாமோ என்னும் வினா அன்று எழுந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், ஆளும் நிலமும் ஆளப்படும் குடிகளும் இல்லாத வழி மன்னன் என்னும் பெயர் எதனைச் சுட்டும் என்னும் வினாவும் உடனெழுந்தது. ஆணையாற் செய்யப்புகுந்தது நீதிமன்றத்தால் தடைப்பட்டுப் பின் சட்டத்திருத்தத்தால் நிறைவேறியமையின், பெயரை நீக்குதற்கும் ஒரு முறைவேண்டும் என்பது நிலைபெற்றது.

இனிப் பாரத ரத்தினம் முதலிய விருதுகளைக் கூறுதும். இவை 1954-ல் ஏற்பட்டன. முதலாண்டிற் பாரத ரத்தினம் பெற்றோர் இராசகோபாலாச்சாரியார், இராதாகிருஷ்ணன், ச. வெ. இராமன் என்னும் மூவர். இவருள் இராசகோபாலாச்சாரியாரும் ச. வெ. இராமனும் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றோர். 18-ம் உறுப்பு விலக்கிய பட்டத்தையே வேறு பெயரால் அரசு மீட்டுக் கொணர்ந்ததன்றோ எனச் சிலர் வினவினர். ஆச்சாரிய கிருபளானி 1969-ல் இவ்விருதுகளை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் ஒரு தனிமசோதா கொணர்ந்தார், அது நிறைவேறவில்லை. 1977-ல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு இவற்றை நிறுத்தியது. 1980-ல் இவை மீண்டும் வந்தன. இறுதியில் இவ்வழக்கு உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வுக்குச் சென்றது. 1995 டிசம்பர் 15-ல் அம்மன்றம் அளித்த தீர்ப்பின் சாரம் இது: இவ்விருதுகள் 18-ம் உறுப்பு விலக்கிய பட்டங்கள் ஆகா, ஆயின், இவற்றைப் பெற்றோர் தம் பெயர்க்கு முன்னரோ பின்னரோ இவற்றை ஒட்டி வழங்கலாகாது, வழங்குவாராயின் விருதினை இழத்தற்குரியர்.

இத்தீர்ப்பின் நுண்மையை நோக்குக. விருது என்பது ஒருவர் செய்த செயலுக்குரிய மதிப்பு. அது பெயரோடு ஒட்டியவழி ஒருவரது நிலைக்குரிய உயர்வாக மாறிவிடும். முன்னது நன்றியறிதல்; பின்னது குடிகளுள் வேற்றுமை கற்பித்தல். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லை பெயர்க்கு முன்னிடும் ஒரு சொல்லிற் கிடக்கின்றது.

பெயர்களை விடுத்து இனிக் குறிகட்கு வருவோம். இந்தியக் குடியரசின் இலச்சினை சாரநாதத்து அசோகர் தூணின் சிங்கத் தலைப்பாகும். 1905-ம் ஆண்டளவில் அகழ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட அச்சிற்பத்தில் நான்கு சிங்கங்கள் ஒன்றற்கொன்று முதுகு காட்டி நிற்கும். இலச்சினையில் மூன்றே தோன்றும். கீழே சக்கரமும், குதிரையும், எருதும் காணப்படும். வாய்மையின் வெற்றியை உரைக்கும் முண்டக உபநிடதத் தொடர் அடியிற் பொறிக்கப்பெறும். 1950 ஜனவரி 26-ல் இஃது ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டரசின் முத்திரையில் இச்சிங்கத் தலைப்போடு திருக்கோயிற் கோபுரமும் அமைந்திருப்பது அன்பர்கள் நன்கறிந்ததே.

அவ்வாண்டே இலச்சினைகளையும் பெயர்களையும் முறைகேடாக வழங்குவதைத் தடுக்க ஒரு சட்டம் எழுந்தது. நாட்டுக்கொடி, அரசு இலச்சினை, குடியரசுத்தலைவர், ஆளுநர் என்பனபோன்ற பெயர்களும் குறிகளும் வாணிகத்திற்கும் தொழிலுக்கும் விளம்பரமாகப் பயன்படலாகாது என்பது அதன் கருத்து. மீறினோர்க்கு அன்று விதித்த தண்டம் ரூ. 500 வரை. வணிகர் செய்யும் பிழையை அச்சட்டம் கருதியதேயன்றி, தலைவர்கள் செய்யும் பிழையை அது பெரிதும் கருதியதன்று. பதவி போனபின்னும் கடிதத்தாளிலும் ஊர்தியிலும் சிங்க இலச்சினையைப் பொறித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அது மருந்தாகவில்லை.

இக்குறையை நீக்கவே 2005-ல் இந்திய அரசு இலச்சினைச் சட்டம் தனியே இயற்றப்பட்டது. 2007-ல் அதற்குரிய விதிகள் வகுக்கப்பட்டன. அரசோடு தொடர்புடையது என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கும்வகையில் இலச்சினையையோ அதன் போலியையோ இசைவின்றி எவரும் வழங்கலாகாது என்பது அதன் முதன்மையான விதி. 'எவரும்' என்னும் சொல் அரசின் முன்னாட் பணியாளரையும் உள்ளடக்கும் எனச் சட்டமே விளக்கங் கூறிற்று. முன்னாள் அமைச்சர், முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர், முன்னாட் சட்டசபை உறுப்பினர், முன்னாள் நீதிபதி, ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி என 2007-ம் ஆண்டு விதிகள் ஒவ்வொருவராக எண்ணிக் கூறின. சட்டம் இயற்றியபோது விதித்த ஒறுத்தல் ஈராண்டு வரை சிறை, அல்லது ரூ. 5,000 வரை தண்டம், அல்லது இரண்டுமாம். பதவியோடு வந்த குறி பதவியோடு நீங்கவேண்டும் என்னும் பழைய நெறி இச்சட்டத்தால் எழுத்து வடிவம் பெற்றது.

கொடியின் வரலாறு இதனின் வேறுபட்டது. 1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணயசபை மூவண்ணக்கொடியை ஏற்றது. நெடுங்காலம் அதனை நாடோறும் உயர்த்தும் உரிமை அரசாங்கத்துக்கே இருந்தது. பொதுமக்கள் குறித்த சில நாட்களிலன்றி உயர்த்துதல் இயலாதிருந்தது. 2002 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த கொடிவிதித் தொகுப்பு மக்கட்கும் அவ்வுரிமையை அளித்தது. கொடியை மதிப்போடு உயர்த்துதல் குடிமகனுக்குரிய கருத்துவெளிப்பாட்டுரிமையின் பகுதியே என 2004 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால், மோட்டார் வண்டியிற் கொடி பறக்கவிடும் உரிமையோ குடியரசுத்தலைவர், ஆளுநர், அமைச்சர், உயர்நீதிமன்ற நீதிபதி போன்ற சிலர்க்கே உரியதாக வைக்கப்பட்டது. வீட்டின்மேற் பறக்கும் கொடி நாட்டுப்பற்றினைக் காட்டும். வண்டியிற் பறக்கும் கொடி பதவியைக் காட்டும். முன்னது யாவர்க்கும் பொது; பின்னது சிலர்க்கே சிறப்பு.

கொடியேற்றுதலில் தமிழ்நாட்டுக்குரிய ஒரு செய்தியும் உண்டு. உரிமைத்திருநாளன்று மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்களே கொடியேற்றி வந்தனர். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சரே அந்நாளில் ஏற்றவேண்டும் என அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அரசை வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டு, 1974 ஆகஸ்டு 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் கொடியேற்றுகின்றனர். குடியரசுத்திருநாளில் ஆளுநர்கள் ஏற்றுகின்றனர். ஒரு குறியை யார் கையாளவேண்டும் என்பது அதிகாரம் யாரிடமிருந்து வந்தது என்னும் வினாவோடு பிணைந்தது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மற்றொன்று ஊர்தியின் மேலுள்ள சிவப்புச் சுழல்விளக்கு. தொடக்கத்திற் சில உயர்பதவிகட்கே உரியதாயிருந்த அது, நாளடைவிற் பலர் வண்டிகளிலும் ஏறிக்கொண்டது. 2013 டிசம்பர் 10-ல் உச்சநீதிமன்றம் அதனை அரசியற்சட்டத்தின் உயர்பதவியினர்க்கே வரையறுக்குமாறு பணித்தது. பின்னர் 2017 மே 1 முதல் குடியரசுத்தலைவர், பிரதமர் உள்ளிட்ட எவர்க்கும் அது இல்லையென மத்திய அரசு விதியைத் திருத்திற்று. நோயாளரைக் கொண்டுசெல்லும் வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற அவசர ஊர்திகட்கே விளக்கு உரித்தாயிற்று. விளக்கு எதற்காக ஏற்பட்டதோ அங்கேயே திரும்பிச் சென்றது என்க. இதற்கு முன்னரே, 2012-ல், குடியரசுத்தலைவர் பிரணாப் முகர்ஜி தம்மை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் 'மகாமகிம்' முதலிய ஆங்கிலர்கால மதிப்புரைகளால் விளித்தலை நிறுத்துமாறு செய்தார். அவர் அதனைச் சட்டத்துக்கு அஞ்சிச் செய்தாரல்லர். தாமே விரும்பிச் செய்தார்.

இவ்வாறு ஏறக்குறைய எழுபதாண்டுகளிற் பட்டம், விருது, இலச்சினை, கொடி, விளக்கு என்னும் ஐந்தினுக்கும் வரையறைகள் ஏற்பட்டுள்ளன. ஆயினும், இவற்றுள் இரண்டு குறைகள் உள. முதலாவது, 18-ம் உறுப்புத் தடைகூறியதேயன்றித் தண்டம் கூறவில்லை. பாராளுமன்றமே தண்டம் வகுத்தல்வேண்டும். இரண்டாவது, 2005-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குத்தொடுக்க மத்திய அரசின் அல்லது அதனால் அதிகாரம் பெற்ற அதிகாரியின் முன்னிசைவு வேண்டும். இலச்சினையைத் தவறாக வழங்குவோர் பெரும்பாலும் அதிகாரத்துக்கு அணியராயிருப்பவரே. அணியரைத் தண்டிக்க அணியரே இசையவேண்டும் என்பது எளிதில் நிகழ்வதன்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். 'பெயரும் குறியும் வெறும் புறத்தோற்றமன்றோ? அவற்றை ஒருவன் தவறாகப் பூண்டால் வரும் கேடு யாது? சைவநூல்களே, வேடத்தை உட்கொண்ட பொய்யனையும் வணங்குக என்று கற்பிக்கவில்லையோ?' என்பர் சிலர். திருக்கோவலூர் வேந்தர் மெய்ப்பொருள் நாயனார், நீறணிந்து சடைமுடித்துப் புத்தகக்கட்டினுட் கத்தியை மறைத்துவந்த முத்தநாதனை வணங்கி, அவனாற் குத்துண்டு வீழ்ந்தபோதும், மெய்காவலனாகிய தத்தனைக் கொண்டு அவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடக்கச் செய்தார். எயினனூரில் அரசர்க்கு வாள்வித்தை பயிற்றிய ஏனாதிநாத நாயனாரோ, பகைவனாகிய அதிசூரன் நெற்றியிற் றிருநீற்றைக் கண்டவளவிற் போரை விடுத்தார். இவற்றைக்கொண்டு, குறியை யார் பூண்டாலும் பூணட்டும் என்று விட்டுவிடலாமோ எனின், ஆகாது.

திருநீறும் கண்டிகையும் அதிகாரத்தைக் காட்டுவனவல்ல. அவை இறைவன்பால் வைத்த அன்பினைக் காட்டுவன. அவற்றைப் பூணுதற்கு எவருடைய இசைவும் வேண்டுவதின்று; வேண்டுவோர் யாவரும் பூணலாம். அவற்றை வணங்குவோனும் அன்பால் வணங்குகின்றானேயன்றி அச்சத்தால் வணங்குகின்றிலன். மெய்ப்பொருளார் தம் உயிரையே இழந்தார்; பிறர் பொருளையோ பிறர் உரிமையையோ விட்டுக்கொடுத்தாரல்லர். அரசு இலச்சினையோவெனின், குடிகள் அன்பால் வணங்கும் பொருளன்று; அதனைக் கண்டவழி ஆணை என்று கருதி அடங்கும் பொருளாகும். சிங்க முத்திரை பொறித்த கடிதத்தோடு ஒருவன் ஒரு சிற்றூருக்கு வந்து நிலப்பட்டயத்தைக் காட்டென்று கேட்பின், உழவன் மறுப்பதற்கு அஞ்சுவன். சுழல்விளக்கெரிய ஒரு வண்டி விரைந்துவரின் வழிப்போக்கன் ஒதுங்கி நிற்பன். அவ்விலச்சினைக்கு உரிமையில்லாதவன் அதனைக் காட்டியவழி, ஏழையின் அச்சத்தைக் களவாடியவன் ஆகின்றான். இங்கே இழக்கப்படுவது பொய்யனைப் பொறுத்தவனது உயிரன்று. ஒன்றுமறியாத பிறனுடைய உடைமையும் உரிமையுமாம். ஆகலின், அருட்குறியிற் பொறுமை அறமாவதுபோல, அரசுக்குறியிற் காவலே அறமாம்.

சட்டம் இக்காவலின் ஒரு பகுதியையே செய்யவல்லது. எஞ்சிய பகுதி தலைமை பூண்டாரது மனச்சான்றிற் கிடக்கின்றது. கண்ணகி வழக்குரைத்த அன்று, தன் தீர்ப்பு வழுவியது என அறிந்த பாண்டியன் நெடுஞ்செழியன் உயிர்விடுதற்கு முன்னரே அரசன் என்னும் பெயர்க்குத் தான் உரியனல்லன் எனத் தன் வாயாற் கூறினான். ஒருவரும் அவனைப் பட்டம் இழக்கச் செய்திலர். முறை வழுவியபோதே பெயர் நீங்கிற்று என அவனே உணர்ந்தான். அவ்வுணர்ச்சியை எச்சட்டமும் ஊட்டவல்லதன்று.

மூன்றாவதொரு பகுதி நம்மிடத்தது. தலைவர்கள் தாமே பட்டங்களைத் தேடுவதினும், அவரைச் சூழ்ந்தோர் சூட்டுவதே இந்நாளில் மிகுதி. குடமுழுக்கு அழைப்பிதழ், மாநாட்டு நிகழ்ச்சிநிரல், நூல்வெளியீட்டு விளம்பரம் என்பவற்றை நோக்குமின். முன்னாள் அமைச்சர் ஒருவர் பெயர்க்கு முன் அமைச்சர் என்றே அச்சிடுவோரும், 1995-ம் ஆண்டுத் தீர்ப்பு விலக்கியும் பத்ம விருதினைப் பெயரோடு ஒட்டி எழுதுவோரும், மதிப்பென்று எண்ணிச் சிங்க இலச்சினையை அழைப்பிதழின் உச்சியிற் பதிப்போரும் பலர். இவர் தீயநோக்கினர் அல்லர். விருந்தினரை மகிழ்விக்கவே இங்ஙனம் செய்கின்றனர். ஆயினும், பெற்றவர்க்கு விருதினை இழக்கும் நிலையையும், தமக்குச் சட்டத்தின் தண்டத்தையும் இவர்தாமே தேடிக்கொள்கின்றனர். நம் கோயில்களும் சபைகளும் இவ்வளவினையேனும் மேற்கொள்ளல் வேண்டும்: பதவியில் இருப்பவரை அப்பதவிப்பெயராலும், பதவி நீங்கியவரை 'முன்னாள்' என்னும் அடைமொழியோடும் குறித்தல், விருதினைப் பெயரோடு ஒட்டாது, சொல்லவேண்டின் அவரைப்பற்றிய அறிமுகவுரையிற் சொல்லுதல், அரசு இலச்சினையை அச்சிடாது விடுதல். அடுத்த திருவிழாவின் அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்புமுன் அதனை ஒருமுறை இந்நோக்கத்தோடு படித்துப்பார்க்குமாறு சபைகளின் காரியதரிசிகளை வேண்டிக்கொள்கின்றோம்.